பட்டியலில் இல்லாத வளாகம்: ராணி மேரி கல்லூரி, 2003

1

கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் சுற்றுச்சூழல் நாளுக்காக ஒரு சிறு கண்காட்சி வைப்பது எங்கள் துறையின் வழக்கம். உண்மையான நாள் ஜூன் 5. அன்று பிள்ளைகள் இருக்கமாட்டார்கள் என்பதால் இரண்டு மூன்று வாரம் தள்ளி வைத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு மூன்றாமாண்டு மாணவிகள் ‘மாணவர்களும் சூழலும்’ என்று தலைப்பிட்டு, தாழ்வாரச் சுவரின் பாதியை அடைக்கும் அளவுக்கு ஒரு சார்ட் எழுதினார்கள். 1979இல் தில்லியின் ரிட்ஜ் காட்டைக் காப்பாற்றப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்ததும், அதிலிருந்து ‘கல்பவிருட்சம்’ அமைப்பு பிறந்ததும் அதில் இருந்தன. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு இருந்தது. 2018இல் சுவீடன் நாடாளுமன்றத்தின் முன் தனியாக உட்கார்ந்த கிரேட்டா துன்பர்க் இருந்தார். கடைசியாக 2025, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்ச கச்சிபௌலி.

நல்ல பட்டியல்தான். ஒட்டி முடித்த பிறகு கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்று பார்த்த ஒரு மாணவி கேட்டாள்: “இதுல நம்ம ஊர்ப் பொண்ணுங்க யாருமே இல்லையா அம்மா?”

அவளுடைய அம்மா விருத்தாசலம் செராமிக் பட்டறை ஒன்றில் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறவர். “நம்ம ஊர்” என்று அவள் சொன்னது விருத்தாசலத்தை மட்டுமல்ல, தமிழ்நாட்டை. “இருக்காங்கம்மா, யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். பதில் வர இரண்டு நாளாயிற்று. வந்தபோது வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அந்தப் போராட்டத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேருந்து சன்னல் வழியாக.

2003 ஏப்ரல். சென்னையில் ஆய்வு மாணவியாக இருந்தேன். கடற்கரையை ஒட்டிய காமராசர் சாலையில்தான் தினமும் போக்கும் வரத்தும். ராணி மேரி கல்லூரியின் வாசலில் காவல்துறை வண்டிகளும் கூட்டமும். உள்ளே மாணவிகள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் “எல்லாம் கட்சிக்காரங்க விவகாரம்” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இறங்கவில்லை.

இந்தக் கட்டுரை இறங்காமல் போன அந்த நிறுத்தத்துக்குத் திரும்பிப் போகும் முயற்சி. ராணி மேரி மாணவிகளின் 2003ஆம் ஆண்டுப் போராட்டம் தமிழ்நாட்டின் சூழலியல் வரலாற்றில் இடம்பெற வேண்டியது என்பதே நான் சொல்ல வருவது.

2

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது கல்லூரியில் படிப்பவர்கள் பலர் அன்று பிறந்திருக்கவே மாட்டார்கள்.

தமிழ்நாட்டு அரசின் தலைமைச் செயலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. அந்த இடம் பாதுகாப்புத் துறையுடையது. பழைமையான கட்டடங்கள் தொல்லியல் துறையின் கண்காணிப்பில் உள்ளவை. விரிவாக்க இடமில்லை என்பது பல ஆண்டுப் புகார். முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு, கடற்கரையில் புதிய செயலகம் கட்டத் தீர்மானித்தது. அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் ராணி மேரி கல்லூரியின் வளாகம். கல்லூரியை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டுவது திட்டம்.

அந்தக் கல்லூரி 1914இல் தொடங்கியது. சென்னை நகரின் முதல் பெண்கள் கல்லூரி. ‘கேப்பர் ஹவுஸ்’ என்ற பழைய கடற்கரை மாளிகையில் ‘மெட்ராஸ் பெண்கள் கல்லூரி’ என்ற பெயரில் ஆரம்பித்து, 1917இல் ராணி மேரி கல்லூரியாயிற்று. முதல் முதல்வர் டாரத்தி டி லா ஹே. பெண் படித்தால் குடும்பம் கெடும் என்று வீட்டுக்கு வீடு பேசிய காலத்தில், கடலைப் பார்த்தபடி பெண்கள் தங்கிப் படிக்க ஓர் இடம். 2003இல் அது தொண்ணூறாவது ஆண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் குறைவு. நகரின் எளிய குடும்பங்களிலிருந்தும் வெளி மாவட்டங்களிலிருந்தும் வந்த, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறிய பெண்கள் அங்கே நிறைய.

அவர்கள் வெளியேற மறுத்தார்கள். வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். முன்னாள் மாணவிகள் வந்து சேர்ந்தார்கள். விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. எதிர்க்கட்சிகள் வந்தன, கல்லூரிக்குள் சென்று மாணவிகளைச் சந்தித்ததற்காக அன்றைய சட்டமன்ற உறுப்பினர் மு.க. ஸ்டாலினும் அவருடன் சென்றவர்களும் அத்துமீறி நுழைந்ததாகக் கைது செய்யப்பட்டார்கள். கடைசியில் அரசு அந்த இடத்தைக் கைவிட்டது. கல்லூரி நின்றது.

அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதே 2003 ஜூலையில், வேலைநிறுத்தம் செய்த ஒரு லட்சத்து எழுபதாயிரம் அளவிலான அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே உத்தரவில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அரசுக் கல்லூரிப் பேராசிரியைகளும் அரசு ஊழியர்களே. அவர்கள் வாய் திறப்பதற்கு இருந்த விலை என்னவென்று ஏப்ரலிலேயே எல்லாருக்கும் தெரியும். ஆகவே பேச வேண்டிய பொறுப்பு பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள்மேல் விழுந்தது. அவர்கள் எதிர்த்து நின்றது ஒரு பெண் முதலமைச்சரை. ‘பெண்ணுக்குப் பெண்’ என்ற எளிய வாய்பாடு எதற்கும் உதவாத இடம் அது.

3

இந்தப் போராட்டத்துக்கு அப்போது இரண்டு பெயர்கள் கிடைத்தன. ஒன்று கட்சி அரசியல். இன்னொன்று பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு. இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டிலுமே மாணவிகள் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். முதல் கதையில் நாயகர்கள் தலைவர்கள். இரண்டாவது கதையில் நாயகர்கள் தூண்களும் வளைவுகளும். இன்று அந்த நிகழ்வைத் தேடிப் போகிற ஒருவருக்கு முதலில் கிடைப்பது ஒரு தலைவரின் கைது.

சூழலியல் என்ற மூன்றாவது பெயர் ஏன் ஒட்டவில்லை? காரணம் எளிது. நமக்குச் சூழல் என்றால் காடு, ஆறு, யானை, மரக்கன்று. பெண்கள் கல்லூரியின் வகுப்பறை அதில் சேராது. அந்த வரையறையை எனக்குக் கலைத்துக்கொடுத்தது ஏதோ ஒரு கோட்பாட்டு நூலல்ல. நான் வேலைக்கு வந்து சேர்ந்த இந்த ஊர்.

விருத்தாசலத்தில் மண் என்பது பிழைப்பு. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தைத் திறந்தபோது கரிக்கு மேலே கிடந்த வெள்ளைக் களிமண்ணும் வெளியே வந்தது. பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் இங்கே வேரூன்ற அந்த மண் ஒரு காரணம். கூழாகக் கரைத்த மண்ணை பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுத்து, விளிம்பைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, காயவைத்து, சூளையில் சுட்டு, கிளேஸ் பூசி மறுபடியும் சுடுவார்கள். கொலு பொம்மை, அகல் விளக்கு, கோப்பை எதுவானாலும் இதே பாதைதான். சீவுவது, துடைப்பது, வண்ணம் பூசுவது பெரும்பாலும் பெண்கள் கையில்.

இந்தப் பெண்களிடம் பேசிப் பார்த்தால் தெரியும்: சுடுவதற்கு முன்னால் உடைந்தது நஷ்டமில்லை. தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் மறுபடியும் கூழ். சுட்ட பிறகு உடைந்தால் போனது போனதுதான். அந்தச் சில்லு மறுபடி மண்ணாகாது. அதைச் சுட்ட நெருப்பும் திரும்பி வராது. வீட்டுச் செங்கலுக்கு ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். பீங்கானுக்கு ஆயிரத்து இருநூறுக்கும் மேல். ஒவ்வொரு சுட்ட பொருளும் எரிந்துபோன ஒரு காட்டையோ கரியையோ தனக்குள் வைத்திருக்கிறது. எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் வேலை நாட்கள் குறையும் ஊரில் இது யாரும் சொல்லித்தர வேண்டிய பாடமில்லை.

இப்போது ராணி மேரி வளாகத்தைப் பார்ப்போம். செங்கல்லும் சுண்ணாம்பும் மரமுமாக, ஏற்கெனவே ஒரு முறை நெருப்பைச் செலவழித்து எழுந்த கட்டடங்கள். அவற்றை இடித்தால் அந்த நெருப்பு முழுவதும் வீண். இடிபாட்டைக் கொட்ட ஓர் இடம் வேண்டும். சென்னையில் அப்படிக் கொட்டப்படும் இடம் பெரும்பாலும் ஏதாவதொரு நீர்நிலையின் கரை. அப்புறம் புதிய கட்டடத்துக்குப் புதிய நெருப்பு. சிமென்ட் ஒரு டன் செய்தால் பாதி டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. உலகின் மொத்தக் கரியமில வெளியேற்றத்தில் ஏழெட்டுச் சதவீதம் சிமென்ட்டிலிருந்து மட்டும் வருகிறது. நிற்கிற கட்டடத்தைப் பழுதுபார்த்துப் பயன்படுத்துவதே பல நேரங்களில் மிகக் குறைந்த சேதம் தரும் வழி என்று கட்டடக் கலைஞர்கள் இன்று சொல்கிறார்கள். “எங்க காலேஜை இடிக்காதீங்க” என்று அந்தப் பெண்கள் சொன்னதும் அதைத்தான்.

இரண்டாவது, சாலை. ஒரு கல்லூரியை ‘வேறிடத்துக்கு மாற்றுவது’ என்றால் கோப்பில் அது ஒரு வரி. ஒரு மாணவிக்கு அது கூடுதலாக இரண்டு பேருந்து, இருட்டிய பிறகு வீடு திரும்புவது, “அவ்வளவு தூரமெல்லாம் வேண்டாம்” என்று அப்பாவோ அண்ணனோ சொல்லும் ஒரு வாக்கியம். பேருந்தும் மின்தொடரும் வந்து சேரும் இடத்தில் கல்லூரியும் மருத்துவமனையும் இருப்பது சூழலுக்கு நல்லது என்று நகரத் திட்டமிடலில் பாடம் நடத்துகிறோம். அந்த இடத்தை இழந்தால் முதலில் படிப்பை இழப்பது யார் என்பதையும் சேர்த்து நடத்த வேண்டும்.

மூன்றாவது, சட்டம். 1994இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான அறிவிக்கை வந்தபோது அணை, சுரங்கம், அனல்மின் நிலையம், ரசாயன ஆலை போன்றவை பட்டியலில் இருந்தன. பெரிய அலுவலகக் கட்டடம் இல்லை. எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் தண்ணீர் எங்கிருந்து, கழிவுநீர் எங்கே என்று மத்தியச் சூழல் துறை கேட்க வழியில்லை. 2004 ஜூலையில் அது மாறியது. ஆயிரம் பேருக்கு மேல் புழங்கும், அல்லது நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் லிட்டருக்கு மேல் கழிவுநீர் வெளியேற்றும், அல்லது ஐம்பது கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு கொண்ட கட்டுமானங்கள் அனுமதி பெற வேண்டும் என்றாயிற்று. அந்தத் திருத்தம் உருவான மாதங்களில் சென்னைச் செயலகச் சர்ச்சையும் மத்திய, மாநில அரசியல் மோதலும் உச்சத்தில் இருந்தன. விதியின் பின்னால் அரசியல் இருந்தது என்பதால் விதி தப்பாகிவிடாது. ஒரு கட்டடமும் ஓர் ஆலையைப் போலத் தண்ணீர் குடிக்கும், கழிவு தள்ளும் என்ற உண்மை அப்போதுதான் சட்டத்துக்குள் வந்தது.

4

அந்த வளாகத்துக்கும் சூழலியலுக்கும் உள்ள உறவு 2003இல் தொடங்கியதில்லை. நூறு ஆண்டுக்கு முன்னால் தலச்சேரியிலிருந்து வந்து அங்கே படித்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். எடவலேத் கக்கட் ஜானகி அம்மாள், பிறப்பு 1897. ராணி மேரியிலும் பிறகு மாநிலக் கல்லூரியிலும் படித்து, பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் பாடம் நடத்தி, உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று 1931இல் முனைவரானவர். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். அங்கே ஒரு பெண்ணாக, தீயர் சமூகத்தவராக, மணமாகாதவராக அவர் எதிர்கொண்ட இடர்ப்பாடுகள் அவருடைய வாழ்க்கை வரலாற்றாளர்கள் பதிவு செய்தவை. இங்கிலாந்து போனார். 1945இல் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். நேருவின் அழைப்பில் 1950களின் தொடக்கத்தில் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பேற்றார்.

1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதர் எப்படி மாற்றிவருகிறார்கள் என்பதைப் பற்றி உலகின் பெரிய அறிஞர்கள் கூடிய கருத்தரங்கம் நடந்தது. சூழல் வரலாறு என்ற துறைக்கே அடித்தளமாகக் கருதப்படும் கூட்டம். அதற்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி அம்மாள். அவர் பேசிய பொருள் இந்தியாவின் பிழைப்புப் பொருளாதாரம்: விற்பதற்காக அல்லாமல் உண்பதற்காக விளைவிக்கும் மக்கள், பழங்குடிகள், அவர்களுடைய தாவர அறிவு. பின்னாளில், எண்பது வயதைக் கடந்த நிலையில், அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்ற குரல்களில் அவருடையதும் ஒன்று. அந்தக் காட்டின் தாவரங்களைக் குரோமோசோம் அளவில் ஆவணப்படுத்தும் வேலையில் இறங்கினார். 1984 பிப்ரவரியில் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கடைசிக் காலத்தில் அவர் வேலை செய்தது சென்னையின் மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தின் களஆய்வகத்தில். தொடங்கியதும் முடித்ததும் ஒரு கல்வி வளாகத்தில்.

எங்கள் மாணவிகளின் சார்ட்டில் அமைதிப் பள்ளத்தாக்கு இருந்தது. அதற்காகப் பேசிய ஜானகி அம்மாள் ராணி மேரியில் படித்தவர் என்ற வரி இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்தாலே அந்தக் காடும் அந்தக் கடற்கரைக் கட்டடமும் ஒரே வரலாற்றுக்குள் வந்துவிடும். ஒரு பெண்ணுக்குத் தங்கிப் படிக்க ஓரிடம் கிடைத்ததால் ஒரு காட்டுக்கு ஒரு சாட்சி கிடைத்தார்.

5

வெற்றிக் கதையாக இதை முடித்துவிட முடியாது. மாணவிகள் வென்ற பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும்.

செயலகத் திட்டம் கைவிடப்படவில்லை, இடம் மாறியது. கோட்டூர்புரத்தில் அடிக்கல் நாட்டப்பட்டு, அதுவும் நின்றுபோனது. ஆட்சி மாறி, 2008இல் ஓமந்தூரார் தோட்டத்தில் திமுக அரசு புதிய சட்டமன்ற, செயலக வளாகத்தைத் தொடங்கியது. அதற்காக அங்கே இருந்த பழைய அட்மிரால்டி மாளிகை இடிக்கப்பட்டது. 2010 மார்ச்சில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. 2011இல் ஆட்சி மீண்டும் மாறியதும் செயலகம் கோட்டைக்கே திரும்பிற்று. அத்தனை கோடியில் எழுந்த கட்டடம் பன்னோக்கு மருத்துவமனையாயிற்று. ராணி மேரி கல்லூரி பிறந்த கேப்பர் ஹவுஸும் இன்று இல்லை. 2003இல் இடிப்பிலிருந்து தப்பியது, பிறகு பழுதடைந்து, இடிக்கப்பட்டு, அந்த வளாகத்திலும் புதிய கட்டடங்கள் வந்துவிட்டன.

மாணவிகளுக்காகக் குரல் கொடுத்த கட்சி ஆட்சிக்கு வந்து இன்னொரு பழைய மாளிகையை இடித்தது. எந்த அரசு பெரிய கட்டடத்தைத் தன் கையெழுத்தாக நினைத்தாலும் நிற்கிற கட்டடம் அதற்கு இடைஞ்சலாகிவிடுகிறது. இன்னொரு முரணையும் விட்டுவிடக் கூடாது. கல்லூரியை இடிக்க நினைத்த அதே அரசுதான் அதே 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சென்னையின் நிலத்தடி நீருக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவிகளில் ஒன்று அது. சூழலுக்கு நண்பர், பகைவர் என்று ஆட்களைப் பிரித்து வைத்துக்கொண்டு வரலாறு எழுத முடியாது.

ஆனாலும் ஒன்று மிஞ்சியது: இடம். கட்டடங்கள் மாறின. அந்தக் கடற்கரை நிலம் இன்றும் பெண்கள் படிக்கும் இடமாக இருக்கிறது.

6

22 ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச் கடைசியில், காஞ்ச கச்சிபௌலியில் 400 ஏக்கர் நிலத்துக்குள் ஜேசிபி இயந்திரங்கள் இறங்கின. ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கும் தெலங்கானா அரசுக்கும் இடையே உரிமை குறித்து நீண்ட தகராறு உள்ள நிலம். விடுமுறை நாட்களில் இரவு பகலாக மரங்கள் சாய்க்கப்பட்டன. மாணவர்கள், பெண்களும் ஆண்களுமாக, இயந்திரங்களுக்கு முன்னால் போய் நின்றார்கள். பலர் காவலில் வைக்கப்பட்டார்கள். ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா வேலைகளையும் நிறுத்த உத்தரவிட்டது. அதற்குள் நூறு ஏக்கர் அளவில் அழிந்திருந்தது.

இந்தப் போராட்டத்துக்குச் சூழலியல் என்ற பெயர் முதல் நாளே கிடைத்துவிட்டது. மயில் இருந்தது, மான் இருந்தது, ஏரிகள் இருந்தன, கைப்பேசிக் காணொளி இருந்தது. ராணி மேரியில் இருந்தவை வகுப்பறைகள், விடுதி, பழைய படிக்கட்டு. ஆனால் இரண்டு இடத்திலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: கல்விக்கென்று இருக்கும் நிலம் ‘சும்மா கிடக்கும்’ நிலமா? அரசுக்கு அல்லது சந்தைக்குத் தேவைப்படும்போது முதலில் கண்ணில் படுவது ஏன் காடாகவும், ஏன் பெண்கள் கல்லூரியாகவும் இருக்கிறது? இரண்டையும் வருமானம் தராத இடங்களாகப் பார்க்கும் கண் ஒன்றே.

இந்தக் கண் கல்லூரிகளுக்கு வெளியே மட்டும் இல்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஆண்டுதோறும் மரக்கன்று நடும் விழா உண்டு. சிறப்பு விருந்தினர் நடுவார். அவர் பெயர் பொறித்த கல் ஒன்று பக்கத்தில் நிற்கும். அதன்பிறகு தண்ணீர் ஊற்றுவதற்கு மாணவிகளுக்கு முறை போடுவோம். முறைப்பட்டியலை எழுதியது நான்தான். கோடை விடுமுறையில் விடுதியை மூடிவிடுவார்கள். திறக்கும்போது கன்றுகள் காய்ந்திருக்கும். அதே குழியில் அடுத்த விருந்தினர் அடுத்த கன்றை நடுவார். பசுமைத் தணிக்கைக்கு வந்தவர்கள் நட்ட கன்றுகளை எண்ணினார்கள், எல்இடி விளக்குகளை எண்ணினார்கள். மாணவிகளின் கழிவறையில் தண்ணீர் வருகிறதா, தண்ணீர் வராததால் எத்தனை பேர் காலையிலிருந்து மாலை வரை ஒரு வாய் நீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

1991இல் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு பட்டப்படிப்பில் எல்லாத் துறை மாணவர்களுக்கும் அது ஒரு பாடமாயிற்று. பாடப் புத்தகத்தில் ‘நிலைத்த வளர்ச்சி’ என்று அச்சிட்டிருக்கிறோம். நிலைக்க வைப்பது என்றால் என்ன? நட்டதற்குத் தண்ணீர் ஊற்றுவது. கட்டியதைப் பழுதுபார்ப்பது. ஓடுகிற குழாயை ஓட வைப்பது. வீட்டில் இந்த வேலைக்குச் சம்பளம் இல்லை, பெயரும் இல்லை. அதைச் செய்கிறவள் பெண். வளாகத்துக்குள் வந்தாலும் அது அப்படியே தொடர்கிறது: நடுகிறவர் பெயர் கல்லில், ஊற்றுகிறவள் பெயர் முறைப்பட்டியலில், முறைப்பட்டியல் ஆண்டு முடிவில் குப்பையில்.

2003இல் ராணி மேரி மாணவிகள் செய்தது இந்த வேலையின் பெரிய வடிவம். புதிதாக எதையும் நடவில்லை, கட்டவில்லை, திறந்துவைக்கவில்லை. இருந்ததை இருக்க வைத்தார்கள். அதனாலேயே அது சாதனையாகத் தெரியவில்லை. அதனாலேயே எங்கள் பட்டியலில் அது விடுபட்டுப்போயிற்று. விடுபட்டதில் எனக்கும் பங்குண்டு. பேருந்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளின் வாக்கியத்தை இருபது ஆண்டுக்கு மேல் என்னுடையதாகவே வைத்திருந்தேன்.

7

மூன்றாம் நாள் வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். எப்போதும் சந்தேகம் எழுப்பும் ஒருத்தி கேட்டாள்: “அவங்க அப்ப இதைச் சூழல் போராட்டம்னு சொல்லலையே அம்மா? நாம இப்ப சொல்லலாமா?” நியாயமான கேள்வி. அவர்கள் நினைக்காத ஒன்றை அவர்கள் வாயில் திணிக்கக் கூடாது. அவர்கள் “எங்கள் கல்லூரி” என்றார்கள். அதை அப்படியே எழுதுவோம். ஆனால் ‘எங்கள் ஆறு’, ‘எங்கள் காடு’ என்று சொன்னவர்களைச் சூழல் போராளிகள் என்கிறோமே, ‘எங்கள் கல்லூரி’ என்று சொன்னவர்களை மட்டும் ஏன் வேறு அறையில் உட்கார வைக்க வேண்டும்? கேள்வியை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். யோசித்துவிட்டு, “அப்ப பக்கத்துல அவங்க சொன்னதையும் போட்டுரலாம்” என்றாள்.

செராமிக் பட்டறைக்காரரின் மகள் நாற்காலியில் ஏறி, 1984க்கும் 2018க்கும் நடுவில் இருந்த இடைவெளியில் எழுதினாள்: ‘2003, ராணி மேரி கல்லூரி, சென்னை. மாணவிகள் தங்கள் கல்லூரியை இடிக்கவிடவில்லை.’ கீழே ‘தலைமை’ என்று ஒரு வரி உண்டு. மற்ற எல்லாப் பதிவுகளுக்கும் அதில் ஒரு பெயர் இருந்தது. “இங்க யார் பேரை எழுதறது?” என்று மேலிருந்து கேட்டாள்.

கைதான தலைவர்களின் பெயர்களை எழுதலாம் என்று வகுப்பில் ஒரு குரல் வந்தது. நான் வேண்டாமென்றேன். கட்டையும் புள்ளியுமாக இடம் விடச் சொன்னேன். பத்துப் பெயர் எழுதும் அளவுக்கு அவள் இடம் விட்டாள்.

அன்று அந்த வளாகத்துக்குள் இருந்த பெண்களுக்கு இன்று நாற்பதைத் தாண்டியிருக்கும். யாரோ ஒருவர் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கலாம், யாரோ ஒருவர் நியாய விலைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கலாம், யாரோ ஒருவர் மகளைக் கல்லூரியில் சேர்க்க அலைந்துகொண்டிருக்கலாம். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். உங்கள் நினைவில் இருப்பதை எழுதுங்கள்: அந்த இரவுகளில் யார் சோறு கொண்டுவந்தார்கள், வீட்டில் என்ன சொன்னார்கள், தண்ணீருக்கு என்ன செய்தீர்கள், யார் முதலில் உட்கார்ந்தது. பெரிய நடை வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

விருத்தாசலத்தில் ஒரு தாழ்வாரச் சுவரில் உங்களுக்காக இடம் விட்டு வைத்திருக்கிறோம்.